மாடி வாடகைக்கு விடப்படும்

ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த இன்லேண்டு கடிதத்தை நாறும்பூநாதன் நான்காவது முறையாகப் படித்தார். வேறொரு ஜோசியரிடம் காட்டியதில் ஜாதகப் பொருத்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். போன வாரம் வந்து கேசரியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொன்னதும் இவர்கள்தான். இப்படிக் கடைசி நேரத்தில் கழன்றுகொண்ட மூன்றாவது இடம் இது. மகள் அனுராதாவுக்கு வருகிற தையில் இருபத்தெட்டு முடிகிறது.

தரகர் கருத்தையா தலையைச் சொறிந்தார். "பொண்ணைப் பிடிச்சிருக்குன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ அண்ணாச்சி. அக்கம்பக்கத்துல விசாரிச்சிட்டு வந்த பொறவுதான் பேச்சு மாறுது."

நாறும்பூநாதனுக்கு அக்கம்பக்கம் என்று இருந்தது ஒரே பக்கம். அவருடைய பாளையங்கோட்டை வீட்டுக்கு ஒருபுறம் வாய்க்கால். வாய்க்கால் யாரைப் பற்றியும் யாரிடமும் பேசாது. மறுபுறம் இஸ்ரவேல் வாத்தியார் வீடு. ஆகவே ஆள் யாரென்று கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவருக்கு நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டையும் அளவு பிசகாமல் தாளில் வரைந்து, வாத்தியார் வீட்டு ஜன்னலிலிருந்து தன் வாசலுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். யார் வந்தாலும் அங்கே உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம் என்று மனைவி வடிவம்மாளிடம் நிரூபித்தார். நம் ஜன்னலிலிருந்தும் அவர்கள் வாசல் தெரியுமே என்றாள் அவள். அது வேறு விஷயம் என்று தாளைச் சுருட்டி வைத்துவிட்டார்.

முதலில் சமாதானமாகப் போய்ப் பார்த்தார். ஒரு வாழைத்தாரை அப்படியே கொடுத்தனுப்பினார். இரண்டே நாளில் வாத்தியார் மனைவி கெசியா பெரிய கேக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "நல்ல சேதி ஏதும் உண்டாக்கா?" என்று வடிவம்மாளிடம் விசாரித்தாள். மடியில் கனமில்லாதவர்கள் எதற்குக் கேக் கொடுக்க வேண்டும்? சேதி எதற்குக் கேட்க வேண்டும்? நாறும்பூநாதன் அந்தக் கேக்கைத் தொடவே இல்லை. வடிவம்மாளும் அனுராதாவும்தான் தின்று தீர்த்தார்கள்.

அடுத்ததாக, அலுவலக நண்பர் குமரகுருபரனை மாப்பிள்ளையின் பெரியப்பா மாதிரி வேஷம் கட்டி வாத்தியார் வீட்டுக்கு அனுப்பினார். நண்பர் இரண்டு காப்பி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார்.

"அந்த மனுசன் சொன்னதைக் கேட்டு எனக்கே உம்ம பொண்ணை மருமகளா எடுக்கணும்னு தோணிட்டு வே. மகன்தான் இல்ல."

"உம்மை அடையாளம் கண்டுக்கிட்டான். அதான் புகழ்ந்திருக்கான்," என்றார் நாறும்பூநாதன்.

பிறகு வெண்கலத் தம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். தினமும் சாயந்திரம் ஏழு மணிக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் நிற்கும். பிறகு ஒரு முணுமுணுப்பு. என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. ஆனால் நடுவில் ஒரு தடவை 'அனுராதா' என்ற பெயர் தெளிவாக வரும். ஒருநாள் தவறாமல் வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பதிலடி கொடுக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. வாத்தியார் வீட்டுக் கேட்டில் இரண்டு வருஷமாக 'மாடி வாடகைக்கு விடப்படும்' என்று ஒரு போர்டு தொங்கியது. மாடி பார்க்க வருகிறவர்கள் இவர் வீட்டுப் படியேறி, வீட்டுக்காரர் எப்படி என்று கேட்பார்கள். மாடிக்கு ஆள் வந்தால் தன் புழக்கடை தெரியுமே என்று முதலில் வந்தவரிடம், தண்ணீர் கஷ்டம், ஆளும் ஒரு மாதிரி என்பதோடு நிறுத்திக்கொண்டார். அனுராதாவின் முதல் சம்பந்தம் தட்டிப்போன பிறகு வந்தவரிடம் கொஞ்சம் தாராளமாகப் பேசினார். மூன்றாவது ஆளிடம் இன்னும் தாராளமாக.

இந்தத் தடவை வந்தது வயதான தம்பதி. அவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். ஒட்டுக்கேட்கிற குடும்பம், அடுத்தவன் வாழ்ந்தால் பொறுக்காது, என் மகள் வாழ்க்கையையே கெடுத்துக்கொண்டிருக்கிறான் என்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். அவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்கள். அனுராதா கொண்டுவந்த மோரைக் குடித்தார்கள். நல்ல வேளை சொன்னீர்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி நாறும்பூநாதன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை கருத்தையா வந்தார். நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற அளவுக்கு வந்திருந்த அம்பாசமுத்திரத்துச் சம்பந்தமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 

அனுராதா அழவில்லை. கட்டியிருந்த புதுச்சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "இனிமே யாரையும் வரச்சொல்லாதீங்கப்பா. நான் இப்படியே இருந்துக்கிடுதேன்," என்றாள். மகள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மணி ஏழு. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று செருப்புகூடப் போடாமல் வாத்தியார் வீட்டுக்குள் நுழைந்தார்.

கூடத்தில் பாய் விரித்து வாத்தியார், மனைவி, மகள் மூன்று பேரும் முழங்காலில் இருந்தார்கள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பக்கத்து வீட்டுப் பிள்ளை அனுராதாவுக்கு ஏற்ற துணையைத் தாரும் ஆண்டவரே. அவள் தகப்பனார் மனபாரத்தை நீக்கும்."

நாறும்பூநாதன் நின்ற இடத்திலேயே நின்றார். ஆமென் சொல்லிக் கண் திறந்த வாத்தியார், "வாங்க அண்ணாச்சி," என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார அவருக்கு மனம் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. சிவப்பு மையில் கோடு இழுத்ததையும் தம்ளர் வைத்துக் கேட்டதையும் சொன்னார். பிறகு, மாடிக்கு வந்த நான்கு பேரையும் இல்லாததும் பொல்லாததும் சொல்லி விரட்டியது தான்தான் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். யாரென்று தெரிந்தால் தானே நேரில் போய் உண்மையைச் சொல்லி அழைத்து வருவதாகவும் சொன்னார்.

வாத்தியார் விழித்தார். மாடியை யாருக்கும் விடுவதில்லை என்று முடிவு செய்து வருஷம் ஒன்றரை ஆகிறதாம். மகள் ரீபா அங்கேதான் படிக்கிறாளாம். போர்டைக் கழற்றத்தான் மறந்துவிட்டாராம்.

"அப்ப வந்தவங்க யாரு?" என்றார் நாறும்பூநாதன்.

வாத்தியார் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. கெசியா தலையைக் குனிந்துகொண்டாள். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ரீபாதான் பதில் சொன்னாள்.

"அவுக எல்லாரும் அனு அக்காவுக்காக விசாரிக்க வந்தவுகதான் மாமா. 'நான் புகழ்ந்து சொன்னா நம்புவீங்களோ மாட்டீங்களோ, மாடி கேக்க மாதிரி அண்ணாச்சிகிட்டயே பேசிப் பாருங்க, எப்பேர்ப்பட்ட மனுசன்னு தெரியும்'னு அப்பாதான் உங்க வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க."