செரியண்ணையின் மேசையில் விழுந்த ரேந்தை

உடுப்பிட்டியில் நான் எத்தனையோ விசித்திரப் பிறவிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மேசை வெயில் குடித்து நிறம் பிடிக்கவேண்டும் என்று யன்னலடியில் காவல் இருந்தவர், உலகத்திலேயே எங்கள் செரியண்ணை ஒருவர்தான்.

கனடாவில் இத்தனை காலம் உழைத்தவர் ஊரோடு இருக்கவென்று வந்தபோது, செரிப்பழ மரத்தில் புதிதாகச் செய்வித்த சாப்பாட்டு மேசையொன்றைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். அன்றிலிருந்துதான் அவர் செரியண்ணை. வேம்பும் முதிரையும் பார்த்துப் பழகிய தெரு திரண்டுபோய்ப் பார்த்தது. வெளிறிய இளஞ்சிவப்பு. சோகை பிடித்த மேசை என்றது தெரு.

"பொறுங்கோ. வெளிச்சம் பட்டால் தானாச் சிவக்கும்" என்றார் செரியண்ணை.

"சாயம் பூசாமலோ அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"உனக்கு ஆர் சாயம் பூசினது? நீயாத்தானே கறுத்தனி?"

பக்கத்து வீட்டுச் சின்னராசா மேசையில் இருந்த ஒரு கறுப்புக் கீற்றைக் கண்டுபிடித்து, "அண்ணை, உது உளுத்துப்போச்சு" என்றான்.

"உது பிசின் ஊறின இடமடா. உன்ரை மூக்கிலை மச்சம் கிடக்கு. உன்னை உளுத்தவன் எண்டு ஆரும் சொல்லுறதோ?"

எதையும் அந்த மேசையில் ஓரிடத்தில் வைக்க விடமாட்டார். மறைந்த இடம் வெளிறியே கிடக்குமாம். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் கோப்பைகளை நகர்த்திக்கொண்டே இருப்பார். சின்னராசாவின் தேத்தண்ணியைப் பலமுறை நான் குடித்திருக்கிறேன்.

அதே வீட்டில் இருந்தவர் அவருடைய தமக்கை. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மேசை வந்த கையோடு, அதன் அளவுக்குப் பூவும் இலையுமாக, இடையெல்லாம் துளைதுளையாக, நூலில் ஒரு ரேந்தை விரிப்புப் பின்னினார். அதை முடித்த பிறகு கை நடுங்கத் தொடங்கி, ஊசியே பிடிக்க முடியாமல் போய்விட்டது. இனி ஒன்று பின்னமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஆக்கள் வந்துபோற வீடு. மேசை உடுப்பில்லாமல் நிக்குது, தம்பி."

"மேசை கெட்டுப்போம் அக்கா. கதையாதையுங்கோ."

விரிப்பு அலுமாரிக்குள் போனது. அக்கா கதவை மெல்லச் சாத்தினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மகளின் பிள்ளைப்பேற்றுக்காகச் செரியண்ணை மறுபடி கனடா போனார். அவரை ஏற்றிப்போன வான் எங்கள் சிறு ஒழுங்கையைத் தாண்டித் தெருவில் ஏறுமுன் விரிப்பு மேசைக்கு ஏறிவிட்டது.

"அவன் வரமுதல் எடுத்துப்போடுவன். மேசை என்ன, வாய் திறந்து சொல்லப்போகுதோ?" என்று அக்கா என்னிடம் சிரித்தார்.

ஒரு வருடம் கழித்து வாசலில் வான் சத்தம் கேட்டது. நான் அங்கேதான் இருந்தேன். அக்கா அவசரமாக விரிப்பை உருவினார். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

மேசை வாய் திறந்துவிட்டது! பலகை செக்கச்சிவந்திருந்தது. அதன்மேல் ஒவ்வொரு பூவும், ஒவ்வொரு இலையும், நூலிழை பிசகாமல் வெளிறிய நிறத்தில் பதிந்திருந்தன. ஒரு மரத்துக்குள் இப்படியும் ஒரு வித்தை இருக்குமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

செரியண்ணை உள்ளே வந்தார். பையைக்கூட இறக்காமல் மேசையைப் பார்த்தார்.

"தம்பி, என்னிலைதான் பிழை..." என்றார் அக்கா.

அவர் குனிந்து, மூக்கு முட்டுமளவுக்கு ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்துக்கொண்டே போனார். வீடு இடியப்போகிறது என்று நான் வாசலைப் பார்த்தேன்.

"ஆர் உந்த விரிப்பை எடுக்கச் சொன்னது?" என்று கத்தினார். "வெளிச்சம் பட்டால் பூவெல்லாம் சிவந்து அழிஞ்சுபோமெல்லே! கொண்டாங்கோ இஞ்சை!"

பூவின்மேல் பூவாக, இலையின்மேல் இலையாகப் பொருத்தி விரித்துவிட்டு, யன்னல் சீலையையும் இழுத்து மூடினார்.

இப்போது அங்கே போனால் விரிப்பின் ஒரு மூலையை மட்டும் கண்மூடித் திறக்குமுன் தூக்கிக் காட்டி, "எங்கடை அக்கான்ரை கை" என்பார். மேசையில் எதையும் வைக்கக்கூடாது. கொதிக்கும் தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நெளிகிறேன். ஆனாலும் அந்த மனிதரில் எனக்குக் கோபமே வருவதில்லை.