முதலாளி காரின் மூச்சுக் கமிட்டி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கும், எங்கள் பனியன் கம்பெனி தன் காரின் ஆக்சிஜன் சென்சார் பழுதைக் கண்டுபிடித்ததற்கும் நடுவில் உலகத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. கம்பெனியின் தொழிலாளர் நல அதிகாரி என்ற முறையில் இரண்டாவது சம்பவத்தில் நான் நேரடியாகப் பங்கேற்றேன். முதலாவதற்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

கார் பழையது. முதலாளி சென்னியப்பன் தன் முதல் ஏற்றுமதி ஆர்டரைப் பிடித்தபோது வாங்கியது, ராசியானது. வெயில் பட்டால் பெயின்ட் மங்கும் என்று தையல் ஹாலுக்குள்ளேயே நிற்கும். ஒரு நாள் அதன் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டிரைவர் ஆத்தப்பன் அலறிக்கொண்டு ஓடிவந்தார். குவாலிட்டி மேனேஜர் மைதிலி அலறவில்லை. துணியில் குறை தென்பட்டால் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் "சர்வதேசத் தரம்". விளக்கின் மேல் கச்சிதமாக ஒன்றை ஒட்டினார். விளக்கு மறைந்தது. கார் "பாஸ்" ஆனது.

பாஸான கார் அவிநாசி ரோட்டில் கரும்புகை கக்கியது. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்தது. சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல் வந்தது போல உதறியது. பழுது ஆக்சிஜன் சென்சாரில் என்றார்கள். அது புகைக்குழாயில் உட்கார்ந்து, வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று மோந்து பார்த்துச் சொல்லும் விரலளவு கருவி. புதிது மாட்டினோம். அதுவும் போயிற்று. இன்னொன்று மாட்டினோம். அதுவும் போயிற்று. முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. உடனே "மூலகாரண ஆய்வுக் கமிட்டி" கூட்டப்பட்டது.

கூட்டம் தொடங்கும்போதே ஓர் "இடையூறு". மருதாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து டேபிளில், ஊசி சூடேறி நூல் அறுந்துவிடாமல் துணிக்குச் சிலிக்கான் ஸ்பிரே அடிப்பது அவர் வேலை.

"சார், ஸ்பிரே நெடியில மூச்சு வாங்குதுங்க. நேத்து சேவூர் பஸ்ஸுல மயங்கி உழுந்துட்டனுங்க. ஃபேனையும் போட உடமாட்டேங்கறீங்க."

"ஃபேன் போட்டா பஞ்சு பறந்து வெள்ளைத் துணியில ஒட்டுமுங்கக்கா" என்றேன்.

"செரிங்க, என்ற டேபிளையாச்சும் அந்தக் கதவோரம் போட்டுக் குடுங்க. கொஞ்சம் காத்து வரும்."

"முக்கியமான மீட்டிங் நடக்குதுங்க. ஆலோசனைப் பெட்டியில எழுதிப் போடுங்க."

பெட்டியின் சாவி தொலைந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? மருதாள் இருமிக்கொண்டே போனார். இருமல் மினிட்ஸில் ஏற்றப்படவில்லை.

"லாம்ப் ஏனுங்க எரியுது?" என்று முதலாளி விசாரணையைத் தொடங்கினார்.

"சென்சார் செத்துப்போச்சுங்க" என்றார் ஆத்தப்பன்.

"சென்சார் ஏன் சாவுது?"

"ஆக்சிஜன் பத்தாம இருக்குமுங்க சார்" என்றார் மைதிலி.

"அப்ப ஒரு சிலிண்டர் வாங்கி டிக்கியில வெச்சுப்போடலாங்களா?" என்றேன் நான்.

பலத்த கைதட்டல். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "வாயில்லாத ஜீவன். மூச்சு முட்டுதுன்னு அது யாருகிட்டப் போயிச் சொல்லும்?" என்று மூக்கைச் சிந்தினார். அறையே உருகியது.

சிலிண்டருக்கு ஆர்டர் போடுவதற்குள் மெக்கானிக் ஈஸ்வரமூர்த்தி வந்து சேர்ந்தார். சென்சாரைக் கழற்றிக் காட்டினார். நுனி சுண்ணாம்பு தடவியது போல் வெளுத்திருந்தது.

"சிலிக்கான் ஏறுனாத்தான் இப்படிப் பூக்குமுங்க. இஞ்சினுக்குள்ள என்னத்தை உட்டீங்க?"

ஆத்தப்பன் பெருமையோடு முன்னே வந்தார். "நாந்தானுங்க. மருதாளக்கா டேபிள்ல இருக்கற ஸ்பிரேவை எடுத்து ஏர் ஃபில்டர்ல டெய்லி அடிப்பனுங்க. துணி அதுல என்னமா வழுக்கிட்டு ஓடுது! காரும் ஓடட்டும்னுதானுங்க."

"அட சாமி! அது சென்சாருக்கு வெசமுங்க. அந்த நெடி இருக்கற பக்கமே காரைக் கொண்டுபோவாதீங்க."

முதலாளி கொதித்து எழுந்தார். "இத்தன நாளா வெசத்துக்குப் பக்கத்துலயா நிறுத்தி வெச்சிருந்தீங்க? உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லீங்களா?"

எங்கள் கமிட்டியின் வேகத்தை அன்றுதான் திருப்பூர் பார்த்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கார் காற்றோட்டமான கதவோரத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கென்று தனி ஃபேன் மாட்டப்பட்டது. பஞ்சு பறந்தால் பறக்கட்டும் என்று முதலாளி பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார். ஸ்பிரே டேபிள் காருக்கு எட்டத்தில், ஜன்னல் இல்லாத பழைய ஸ்டோர் ரூமுக்குப் போனது. நெடி துளியும் வெளியே கசியக் கூடாது என்று அந்த அறைக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டையும் அடித்தோம். பட்டை ஒழுங்காகப் பொருந்துகிறதா என்று நானே குனிந்து பார்த்தேன்.

உள்ளே டேபிளுக்கு முன்னால் மருதாள் நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்பிரே டப்பா.

"ஏனுங்க சார், இரும்பையே கொன்னுபோடற வெசமுங்களாமா இது?" என்றார்.

தொழிலாளியின் அச்சத்தைப் போக்குவது நல அதிகாரியின் முதல் கடமை. கதவைச் சாத்துவதற்கு முன் மிகுந்த கனிவோடு சொன்னேன்:

"பயப்படாதீங்கக்கா. காரைப் பத்திரமா தள்ளி நிறுத்தியாச்சுங்க."