எட்டாவது வளைவில் ஒரு பந்தயப் படகு

பல்கலைக்கழகப் படகுக் கழகத்தில் மிகக் குறைவாக நடக்கும் காரியம் படகு ஓட்டுவது. சென்னையில் நான் இருந்த கழகத்தில் கூட்டம் நடக்கும், விருந்து நடக்கும், புகைப்படம் எடுப்பது தினமும் நடக்கும். நாங்கள் பயிற்சி செய்த ஆற்றின் நாற்றம் தாங்காமல், தண்ணீரில் இறங்குவது மட்டும் எப்போதாவது நடக்கும். மற்ற நாட்களில் உடற்பயிற்சிக் கூடத்து இரும்பு இயந்திரத்தில் உட்கார்ந்து, நகராத படகை மூச்சிரைக்க இழுப்பார்கள். இழுத்து முடித்ததும் அதையும் புகைப்படம் எடுப்பார்கள்.

போடிநாயக்கனூரிலிருந்து போன நான் நீச்சல் கற்றது கிணற்றில். படகைப் பார்த்தது காலண்டரில். என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம் என் எடை. பந்தயப் படகில் துடுப்பு போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு எதிரே, வால் பக்கத்தில் ஒரு ஒல்லிப்பிச்சான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வழி பார்த்துக் கத்த வேண்டும். எடை இருக்கக் கூடாது, தொண்டை இருக்க வேண்டும். (மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு நடுவில் வளர்ந்தவனுக்குத் தொண்டைக்கா பஞ்சம்?)

நான் கத்தியதெல்லாம் ஒரு கோட்டுக்காக. கழகத்துக்கென்று கரும்பச்சைக் கோட்டு உண்டு. பொத்தானில்கூடத் துடுப்புப் படம் இருக்கும். கேப்டன் மனமிரங்கிக் கொடுத்தால்தான் போடலாம். ஊரில் அக்காவின் நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. "யாரும் எனக்குத் துணி எடுக்க வேண்டாம், யுனிவர்சிட்டி கோட்டுல வர்றேன்" என்று வீட்டில் அறிவித்திருந்தேன். அந்தக் கோட்டை அதுவரை தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

கேப்டன் அதை மே மாத வெயிலிலும் கழற்ற மாட்டான். "தண்ணிதான் மனுஷனை மனுஷனாக்குது" என்று அடிக்கடி சொல்வான். அவன் தலைமுடி நனைந்து நான் பார்த்ததில்லை. அவனிடம் ஒரு நாள், எங்கள் ஊருக்கு மேலே மலையில் போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கம் அணைத் தண்ணீர் ஏரி மாதிரி விரிந்து கிடப்பதைச் சொன்னேன்.

"நாத்தம்?"

"ஏலக்காய் வாசம்தான் வரும், கேப்டன்."

"ரோடு எப்படி?"

"ரோடு சூப்பர்."

"அப்ப பயிற்சி முகாம் அங்கதான். நல்லபடியா நடத்திக் குடு, கோட்டு உனக்கு."

ரோடு சூப்பர்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் நால்வர் துடுப்புப் போடும் எங்கள் படகு ஒரு பஸ்சைவிட நீளம். போடிமெட்டுச் சாலையில் பஸ்சே முக்கி முனகித்தான் வளைவு திரும்பும். படகின் நீளம் எனக்குத் தெரியும். வளைவின் அகலமும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கும் அளவுக்கு என் படிப்பு இன்னும் முற்றவில்லை.

ஒரு சாயங்காலம், படகையும் கேப்டனோடு எங்கள் ஐந்து பேரையும் ஏற்றி வந்த லாரி எட்டாவது வளைவில் சிக்கியது. படகின் வால் பாறையில் இடித்தது, மூக்கு பள்ளத்தாக்கைப் பார்த்து நீண்டது. எஸ்டேட் வேலை முடிந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மேலிருந்து இறங்கிய ஜீப்புகள் வரிசையாக நின்றன. வரிசையில் முதல் ஜீப்பு, அக்காவைக் கட்டிக்கொள்ளப்போகிற செல்வம் மச்சானுடையது.

"என்ன மாப்ளே இது, ஏரோப்ளேனா?"

"படகு மச்சான்."

"தண்ணி மேலருந்து கீழதான வரும். நீங்க எதுக்குப்பா படகைக் கீழருந்து மேல கொண்டு போறீக?"

ஜீப்புக்குள்ளிருந்து எஸ்டேட்டுப் பெண் ஒருவர் எட்டிப் பார்த்தார். "கிறுக்குப் பயலுகளா இருப்பாய்ங்க போல. ஏப்பா, வெரசா ஒதுக்குங்க. வீட்டுல சோலி கெடக்கு."

எல்லா ஜீப்பிலிருந்தும் செல்போன்கள் நீண்டதைக் கேப்டன் கவனித்தான். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "இறக்குங்க. தோள்ல தூக்கி வளைவைத் தாண்டுறோம்" என்றான்.

படகைத் தோளில் வைத்தால், தூக்குகிறவன் கன்னத்தோடு படகு ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் சுத்தமாகத் தெரியாது. அதனால் கழகத்தில் ஒரு விதி. தூக்குகிறவர்கள் எதையும் பார்க்கக் கூடாது, சுக்கான்காரன் சொல்கிறபடி நடக்க வேண்டும். எங்கள் ஊரில் வேறு விதி. வளைவில் ஜீப்பைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று பின்சக்கரத்தை மட்டும் பார்ப்பார். முன்பக்கம் டிரைவர் பாடு.

நான் ஊர் விதிப்படி படகின் வாலுக்குப் போய் நின்றேன்.

"வரட்டும், வரட்டும். லேசா ஒடிச்சுத் திருப்பு. இன்னும் வரட்டும்."

வால், தடுப்புச் சுவரை ஒரு சாண் இடைவெளியில் அழகாகக் கடந்தது. எங்கள் ஊரில் எந்த ஜீப்பையும் இவ்வளவு துல்லியமாக யாரும் திருப்பியிருக்க முடியாது என்று பெருமைப்பட்டேன். அப்போது முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆத்தாடி, என் தூக்குவாளி போச்சே."

படகின் மூக்கு மச்சானின் ஜீப்புக்குள் பக்கவாட்டில் நுழைந்து, இரண்டு பெண்களுக்கு நடுவே மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. முன்னால் தூக்கிக்கொண்டிருந்த கேப்டனுக்குப் பாறை மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நான் பதறி, "பின்னால வாங்க" என்று கத்தியபடி முன்னால் ஓடினேன். நால்வரும் விதி தவறாமல் பின்னால் வந்தார்கள். இப்போது வாலைப் பார்க்க ஆளில்லை. அது தடுப்புச் சுவரில் மோதியது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். படகு நடுவில் இரண்டாகப் போனது.

உயிர்ச்சேதம் இல்லை. தூக்குவாளி ஒன்று நசுங்கியது. முன்பாதியைச் சுமந்தபடி கேப்டன் நிமிர்ந்து நின்றிருந்தான், அடுத்த உத்தரவுக்காக.

"ஏப்பா கோட்டுக்காரரே," என்றார் முதலில் எட்டிப் பார்த்த அந்தப் பெண். "இப்பத்தான் சின்னதாயிருச்சுல்ல. ரெண்டையும் லாரியில ஏத்துங்க, நல்லாத் திரும்பும்."

ஏற்றினோம். நன்றாகத் திரும்பியது, கீழ்நோக்கி. போடி வந்ததும் கேப்டனிடம், "அந்தக் கோட்டு..." என்று இழுத்தேன். நடந்ததற்குப் பிறகும் கேட்டேன் பாருங்கள்.

"எந்தக் கோட்டு?" என்றான், அதன் காலரைச் சரிசெய்துகொண்டே.

நிச்சயதார்த்தத்துக்கு மச்சானின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். உள்ளே இன்னொருவர் உட்கார இடமிருந்தது.

பந்தயப் படகின் மூக்கு யாரையும் குத்திவிடக் கூடாதென்று, நுனியில் ஒரு வெள்ளை ரப்பர் பந்து மாட்டியிருப்பார்கள். அது மச்சானின் ஜீப்பிலேயே கழன்று கிடந்திருக்கிறது. அதை அவர் கியர் கம்பியின் தலையில் மாட்டிவிட்டார். இன்றுவரை அதுதான் கைப்பிடி. "இது என்னண்ணே?" என்று கேட்காத புதுப் பயணி கிடையாது, மச்சான் கதையைச் சுருக்கிச் சொன்னதாகவும் கிடையாது. ஜீப்பு ஓட்டுகிறவர்கள் மத்தியில் எட்டாவது வளைவின் பெயர் இப்போது படகுத்துறை.

போன மாதம் மனைவியோடு அந்த ஜீப்பில் மேலே போனேன். படகுத்துறையில் எதிரே பஸ்சு வந்ததால் மச்சான் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் நான் கதவுப் பக்கம் கை வைத்தேன். மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தைப் பிடித்து கியரை மாற்றினார்.

"நீ எறங்காத மாப்ளே. பின்னாடி சாமி பாத்துக்கிடும்."