நான் ஜோடித்த ஹாலும் பெரியத்தையின் ஒப்பாரியும்

என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போதே ஊரைக் கூட்டி அவருக்காக அழவைத்தவள் நான். கூட்டத்தோடு கூட்டமாக நானும் அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் ஹால் அத்தனை அழகாக இருந்தது என்பதை மட்டும் இன்றுவரை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். அவர் நூல் மில்லில் சூப்பர்வைசர். நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். டிராயிங் டீச்சர் வீட்டு ஹாலில் ஏழு காலண்டர்கள் தொங்கின. (அதில் மூன்று போன வருடத்தினுடையவை. சாமி படம் போட்டிருந்ததால் கழற்ற மனசில்லை.) டிவி தலையில் பிளாஸ்டிக் ரோஜா. சுற்றிலும் தக்காளிச் சிவப்பில் ரெக்ஸின் நாற்காலிகள்.

ஒருநாள் பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. அதில் ஒரு வீட்டின் படம். வெறும் வெள்ளைச் சுவர், தரையில் பாய், ஒரு பழைய ஜாடி, அதில் ஒரு காய்ந்த கிளை. அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருந்தால் மூச்சு நிதானமாக வந்தது. நம்மாலும் முடியாதா என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் அலைந்தேன். திருச்சுழிக்குப் போனபோது காய்ந்து கிடந்த குண்டாற்றில் இறங்கி உருண்டைக் கற்களாகப் பொறுக்கினேன். வீரசோழனில் பழைய சாமான் விற்கிற ஒரு பாய் வீட்டிலிருந்து என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜாடியும், பித்தளைப் படி ஒன்றும் வந்து சேர்ந்தன. பரளச்சிப் பக்கம் ஒரு தோழி வீட்டுக் காட்டில் பட்டுப்போய் நின்ற வேலிக்கருவையிலிருந்து ஒரு கொப்பை வெட்டி பஸ்ஸில் கொண்டு வந்தேன். (“பஸ்ஸுல விறகு ஏத்தக் கூடாதும்மா” என்றார் கண்டக்டர். “இது விறகு இல்லங்க, கலை” என்றேன். அருப்புக்கோட்டை வரும்வரை அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.)

ஒரு சனிக்கிழமை, அவர் மில்லுக்குப் போனதும் வேலையில் இறங்கினேன். காலண்டர் அத்தனையும் கழன்றன. நாற்காலிகளை பால்கனிக்குத் தள்ளிவிட்டுக் கோரைப்பாய் விரித்தேன். டிவியை வெள்ளைத் துணி போட்டு மூடினேன். ஜாடியில் கொப்பை நிறுத்தி, அதன் அடியில் ஆற்றுக் கற்களைப் பரப்பி, பித்தளைப் படி நிறைய நெல் கொட்டி வைத்தேன். சுவரில் ஏதாவது ஒன்றே ஒன்று மாட்டலாம் என்று தோன்றியது. அவர் காலேஜில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சட்டம் போட்டு இருந்தது. அதை நடுச் சுவரில் மாட்டினேன். வெளிச்சம் கூசாமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, படத்துக்குக் கீழே ஒரு குத்துவிளக்கை ஏற்றி, வாசனைக்கு ஊதுபத்தியும் கொளுத்தினேன்.

படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. எட்டி நின்று பார்த்துவிட்டு, ஆகா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாசற்கதவைச் சாத்தக்கூட மறந்து குளிக்கப் போனேன்.

காரியாபட்டியில் என் வீட்டுக்காரரின் பெரியம்மா இருந்தார்கள். எனக்குப் பெரியத்தை. என் வீட்டுக்காரருக்கு மஞ்சள்காமாலை வந்து குணமான சேதி அப்போதுதான் அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. மகனைப் பார்க்க ஒரு பை நிறைய மாதுளம்பழத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். திறந்திருந்த கதவைத் தள்ளி எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

குளியலறையில் எனக்குக் கேட்டது ஒரே ஒரு அலறல்.

“எஞ் சாமீ! எங்கள விட்டுட்டுப் போயிட்டியா!”

பதறி ஓடிவந்தேன். தலைமுடி ஈரமாக விரிந்து கிடக்கிறது. நெற்றியில் பொட்டு இல்லை. கையில் கிடைத்த பழைய வெளிர் சேலையைச் சுற்றியிருக்கிறேன். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்ததும் பெரியத்தைக்குச் சந்தேகத்தின் கடைசிப் பொட்டும் போய்விட்டது. பாய்ந்து என் தலையை இழுத்து நெஞ்சோடு அமுக்கிக்கொண்டார்கள்.

“இந்த வயசுலயா ஒனக்கு இந்தக் கெதி!”

“அத்தை, அப்படி இல்ல...” என்று நான் சொன்னது முழுவதும் அவர்கள் முந்தானைக்குள்ளேயே போனது. பெரியத்தை காட்டுவேலையில் உரமேறிய உடம்பு. அந்தப் பிடியிலிருந்து தலையை உருவுவது ஆகிற காரியம் இல்லை.

கீழ்வீட்டுக் கமலாக்கா ஓடி வந்தார். அவர் வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்திருந்தார், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. கமலாக்கா ஹாலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார்.

“காலையில சைக்கிள எடுத்துக்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாகளே! மில்லுல என்னாச்சோ!”

என் முட்டாள்தனத்தின் உச்சம் இங்கேதான். கமலாக்கா மில் என்றதும், மில்லிலிருந்து ஏதோ சேதி வந்திருக்கிறது, அதனால்தான் பெரியத்தை காரியாபட்டியிலிருந்து ஓடி வந்திருக்கிறார்கள், எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது என்று நினைத்துவிட்டேன். பிறகு நான் அழுத அழுகை இருக்கிறதே, பெரியத்தையே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அரை மணி நேரத்தில் ஆறு வீட்டுப் பெண்களும் பாயில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் வாசலில், துண்டைத் தோளில் போட்டபடி. யாரோ பூக்கடைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

ஒரு மணிக்கு அவர் சாப்பிட வந்தார். வாசல் நிறையச் செருப்பு. மாடியில் ஒப்பாரி. சைக்கிளை நிறுத்திவிட்டு, தலைகுனிந்து நின்ற அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

“யாரு அண்ணாச்சி?”

“மாடி வீட்டு சார்தான். தங்கமான மனுசன்” என்று சொன்ன அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். அப்படியே படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க ஒரு சோடா தேவைப்பட்டது.

என் வீட்டுக்காரர் கதவருகில் வந்து நின்றதும் கமலாக்கா வீறிட்டார். நான் எழுந்து ஓடி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பெரியத்தை எழுந்து வந்து, அவர் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, ஓங்கி ஒன்று வைத்தார்கள்.

“உசுரோட இருந்துக்கிட்டா எங்கள அழவச்ச?”

பிறகு எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. பெரியத்தை ஜாடிக்கு முன்னால் போய் நின்றார்கள்.

“இது என்னத்தா?”

“வேலிக்கருவைக் கொப்பு, அத்தை.”

“அடுப்புல கெடக்க வேண்டியத நடுவீட்டுல எதுக்கு வச்ச?”

அழுத முகம், வீங்கிய கண், சுற்றிலும் ஆறு வீட்டு ஜனம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கோ அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு ரோஷம் வந்தது.

“அதோட வளைவப் பாருங்க அத்தை. தண்ணி இல்லாத காட்டுல வெளிச்சத்தத் தேடித் தேடி எப்படி வளைஞ்சு போயிருக்கு! இத ஒருத்தரால வரைய முடியுமா? அந்தக் கல்லத் தொட்டுப் பாருங்க. எத்தனை வெள்ளம் உருட்டுனதோ.”

பெரியத்தை தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். குனிந்து ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்கள்.

“ம்” என்றார்கள். “ஆனா அந்த வெளக்கையும் படத்தையும் மொதல்ல எடு.”

எடுத்தேன். வேறு எதையும் எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு அதே பாயில் சாய்ந்த பெரியத்தை, மாலை வரை அசையாமல் தூங்கினார்கள். எழுந்து, “கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குத்தா” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் இதுவரை யாரும் தந்ததில்லை.

எங்கள் சொந்தத்தில் இப்போதும் யாராவது வீட்டைக் கொஞ்சம் சுத்தமாக வைத்திருந்தால் போதும், “என்ன, எப்ப எடுக்குறீக?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைகிறார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

சிரிக்கட்டும். சில வருடம் கழித்துப் பெரியத்தை காரியாபட்டியில் புது வீடு கட்டியபோது, முன் அறையை ஜோடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மூன்று நாள் தங்கிச் செய்து கொடுத்தேன். பால்காய்ச்சுக்கு வந்த ஜனம் அந்த அறை வாசலில் தயங்கித் தயங்கி நிற்க, பெரியத்தை பட்டுச்சேலையில் நடுவே நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்கள்:

“பயப்படாம உள்ள வாங்க, யாரும் சாகல! எங்க மருமக ஜோடிச்சது!”