இராஜாங்கம் வயிற்றில் பை

குத்தாலத்துக்குக் கிழக்கே நாலு மா நிலமும் ஒரு கிடாயும் வைத்திருந்த இராஜாங்கம், ஆயுசுக்கும் இனி வாழைத்தண்டைத் தொடுவதில்லை என்று தீர்மானம் போட்டார். பெயர்தான் இராஜாங்கம். ஆட்சி முழுக்க மனைவி பொன்னுத்தாய் கையில். அந்த வீட்டில் அவர் போட்ட ஒரே தீர்மானம் அதுதான். அதையாவது போடாமல் இருந்திருக்கலாம், பாவம்.

எல்லாம் ஒரு வயிற்றுவலியில் ஆரம்பித்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் மனுஷன் உருண்ட உருளலில் களத்து மேடு பள்ளமெல்லாம் சமமாகிவிட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா காகிதத்தில் குடலை வரைந்து, அதன் சுவரில் திராட்சை மாதிரி சின்னச் சின்னப் பைகளைப் போட்டுக் காட்டினார். நார் இல்லாத சாப்பாடாகவே தின்றால் மலம் இறுகும். குடல் அதை முக்கித் தள்ளும். தள்ளத் தள்ளச் சுவரில் இளைத்த இடம் வெளியே புடைத்துப் பையாகிவிடும். வந்த பை போகாது. அதில் ஒன்று இப்போது புண்ணாகியிருக்கிறது என்றார்.

"வாய்க்கால்ல குப்பை அடைச்சா தண்ணி கரையைத் தள்ளிப் பொந்து பண்ணுமே, அந்த மாதிரிங்களா?" என்று கேட்டாள் பொன்னுத்தாய். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார் டாக்டரம்மா. இராஜாங்கம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியம் இரண்டு பாகம். வலி இருக்கிறவரை மாத்திரை, கஞ்சி, குழைந்த வெள்ளைச் சோறு. நார் கூடாது. வலி போனதும் கீரை, வாழைத்தண்டு, தீட்டாத அரிசி, ஆயுசுக்கும். இராஜாங்கம் முதல் பாகத்தோடு காதை மூடிக்கொண்டார்.

வலி சீக்கிரமே போய்விட்டது. போனதை அவர் வெளியே விடவில்லை. கட்டிலில் படுத்தால் அடுப்படிக்கு எந்தப் பக்கம் தெரியுமோ, அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முனகினார். கஞ்சி ரசஞ்சாதமாயிற்று, ரசஞ்சாதம் பாலும் சர்க்கரையும் ஊற்றிய இடியாப்பமாயிற்று. குறுவை நடவைக்கூடப் பொன்னுத்தாயே வரப்பில் நின்று முடித்தாள். வாழைத்தண்டு அந்த வீட்டுப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

ஆடி பிறந்தது. அடுத்த வீட்டு மலர்கொடியிடம் பொன்னுத்தாய் வேலியோரம் நின்று சொன்னது கட்டிலுக்கு நன்றாகவே கேட்டது. இவருக்கு வலி தீர்ந்தால் இந்த ஆடியிலேயே வீரனாருக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டாளாம்.

இராஜாங்கத்துக்கு வாய் ஊறியது. தானே பூவரசந்தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடா. எந்தத் துண்டு தன் இலைக்கு என்பது வரை மனசுக்குள் பங்கு பிரித்து வைத்திருந்தார். வலி இருந்தால் கறி இல்லை. வலி போனால் வாழைத்தண்டு. முதலில் கறியைத் தின்போம், வாழைத்தண்டு வந்தால் வேறொரு வலியை வரவழைத்துக்கொள்வோம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

"பொன்னு, வலி சுத்தமா போயிடுச்சுடி" என்றார் மறுநாள் காலை. அவள் கற்பூரம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கோயிலில் ஊரே பந்தியில் உட்கார்ந்தது. பக்கத்து இலை அய்யாக்கண்ணு நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார். இராஜாங்கம் இலையில் மட்டும் தீட்டாத அரிசிச் சோறும் வாழைத்தண்டுப் பொரியலும்.

"எனக்குக் கறி?"

"உங்களுக்குக் குணமானா அடுத்த ஆடி வரைக்கும் நீங்க கறி தொட மாட்டீங்கன்னும் சேத்துத்தாங்க வேண்டிக்கிட்டேன். சாமி குத்தம் ஆயிடக் கூடாதுல்ல."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"வலியில கெடந்த மனுசனை எப்படிங்க கேக்கிறது?"

நல்லி உறிஞ்சும் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது. இராஜாங்கம் பழைய ஆயுதத்தை எடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னும் லேசாக வலிக்கிற மாதிரி இருக்கிறதே, நார் சாப்பிடலாமா என்று முனகினார்.

பொன்னுத்தாய் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "டாக்டரம்மா வரைஞ்சு காட்டின பை இடப்பக்கங்க. நீங்க மாசம் பூரா வலப்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்க."

இராஜாங்கம் கையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார். இலையில் இன்னொரு கரண்டி வாழைத்தண்டு விழுந்தது.