உள்ளே பேசுவது யார்?

மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மறுநாள் மாலையே வீட்டிலிருந்த திருட்டு அலாரம் மறுபடியும் அலறியது. தலைமையாசிரியர் அதை நிறுத்தும் நான்கு எண்களையும் சரியாகத்தான் அமுக்கினார். அது நிற்கவில்லை.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் வெளியே வந்துவிட்டார்.

"என்ன சார், இன்னைக்கு யாருக்கு நம்பர் அமுக்கத் தெரியலை?"

தலைமையாசிரியருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முந்தின நாள் இதே வாசலில், இதே டாக்டர் முன்னால், "நாலு நம்பரை ஒழுங்கா அமுக்கத் தெரியாதா உனக்கு? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட அமுக்கும்!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தியிருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தப்பு அவளுடையதல்ல, இந்தக் கிழட்டு இயந்திரத்தினுடையது என்று இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அலாரம் கம்பெனிக்குப் போன் செய்தார்.

"சார், உங்களோடது ரொம்பப் பழைய மாடல். அதைப் பத்தித் தெரிஞ்சவர் ரிட்டயர் ஆயிட்டார்."

"அப்ப உங்க கண்காணிப்பே வேண்டாம். நிறுத்துங்க."

"நிறுத்தறதுக்கும் அவர்தான் சார் வரணும்."

ஸ்டூல் போட்டு ஏறி, ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. யாராவது ஹாலில் நடந்தால் அலாரத்தின் சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கியது. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

இனி மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அவள் வரப்போவதில்லை. ஆனால் மனுஷனுக்கு அது பழக்கமில்லாத வேலை. பள்ளியில் மற்றவர்களைக் கேட்கவைத்துத்தான் பழக்கம். ஆகவே ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து ஒத்திகை பார்த்தார்.

"இதோ பாரு, நடந்தது நடந்துபோச்சு. என் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குன்னே வச்சுக்குவோம்..."

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. கம்பெனியின் காவலாளிகள் தடியோடு நின்றார்கள்.

"உள்ள திருடன் இருக்கறதா தகவல் சார்."

"நான்தான்யா வீட்டுக்காரன்!"

சொந்த வீட்டு வாசலில் நின்று பள்ளி அடையாள அட்டையைக் காட்ட வேண்டியதாயிற்று. தெருவே பார்த்தது.

தனியாகப் பேசுவதைக் கேட்டு யாரோ சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். அதனால் மறுநாள் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, கிசுகிசுத்தார்.

"மன்னிச்சுடு. எல்லார் முன்னாடியும் உன்னைக் கேவலப்படுத்திட்டேன்."

இந்த முறை காவலாளிகள் கொல்லைப்பக்கமாக வந்தார்கள். இருட்டில் கிசுகிசுப்பவரை யார்தான் தலைமையாசிரியர் என்பார்கள்? கைகளை உயர்த்தச் சொல்லி வாசலுக்கு நடத்திவந்தார்கள்.

"என்ன சார், எக்சர்சைஸா?" என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் அவருக்கு வீறாப்பெல்லாம் வடிந்துவிட்டது. ஹால் நடுவே தரையில் உட்கார்ந்தார்.

"நீ சரியாத்தான் அமுக்கினே. எனக்குத்தான் உன்கிட்ட பேசத் தெரியலை. அன்னைக்கு மட்டுமில்லை, இத்தனை வருஷமா. எனக்கே வெக்கமா இருக்கு. வீட்டுக்கு வந்துடும்மா." மூக்கை உறிஞ்சினார்.

கதவு தட்டப்பட்டது.

"யோவ், சைரன்தான் அலறவே இல்லையே, எப்படிய்யா தினமும் கரெக்டா வர்றீங்க?"

"அது அலறாட்டியும் எங்களுக்குத் தகவல் வந்துடும் சார்," என்றார் மூத்த காவலாளி. "பழைய மாடல் இல்லையா, உள்ள ஆள் நடமாடினா மைக் தானா திறந்துக்கும். உள்ள பேசறது யாருன்னு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான் கிளம்புவோம்."

"என்கிட்ட யாரும் கேக்கலியே!"

"உங்க நம்பர்னு இருக்கற லேண்ட்லைன் எப்பவோ செத்துப்போச்சு சார். அதுக்கு அடுத்தது மேடம் நம்பர். நீங்க பேசறதை அவங்களுக்குத்தான் போட்டுக் காட்டறோம்."

தலைமையாசிரியர் கதவைப் பிடித்துக்கொண்டார். காது மடல்கள் கொதித்தன.

"மூணு நாளுமா?"

"கடைசிவரைக்கும் கேட்டாங்க சார்."

"அப்ப நான்தான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

காவலாளி தயங்கித் தொப்பியைக் கழற்றினார்.

"'இப்படியெல்லாம் மன்னிப்புக் கேக்கற ஆள் எங்க வீட்ல கிடையாது, போய்ப் பாருங்க'ன்னுதான் ரெண்டு நாளும் சொன்னாங்க சார், இன்னைக்கு மட்டும், 'அந்த ஆளை விட்டுடாதீங்க, பிடிச்சு வைங்க, நானே நேர்ல வர்றேன்'னு சொல்லியிருக்காங்க."