மாடியாரின் மறுப்புகள்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கு நான் நலமாக இருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும் வரையிலாவது அப்படியே இருப்பேன் என்று நினைக்கிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உன் பத்திரிகையும் நலமாக இருக்க வேண்டும். பத்திரிகையை ஏன் இதில் சேர்த்தேன் என்று கேட்காதே, அது வாரா வாரம் உயிரோடு வெளிவருவதே எனக்கு ஆச்சரியம்தான்.

உன் கடிதம் கிடைத்தது. என் வீட்டு மாடியில் குடியிருக்கும் வேட்பாளர் மேல் அவருடைய அலுவலக டைப்பிஸ்ட் பெண் சொல்லியிருக்கும் புகார் நிஜமா பொய்யா, ஆள் எப்படிப்பட்டவர், கூடவே இருந்து பார்க்கிறவள் என்ற முறையில் நாலு வரி எழுதிக் கொடு, ஓட்டுப்போடும் நாளுக்கு முன்னால் வரும் இதழில் போடுகிறேன் என்று கேட்டிருக்கிறாய். நாலு வரியில் முடிகிற சங்கதியா இது. நீளுகிறதே என்று கோபித்துக்கொள்ளாமல் படி. அவரை நான் மாடியார் என்றுதான் மனதுக்குள் சொல்வது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் முறை. மாடியார் குடிவந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட கேட்டை டமாலென்று சாத்தியதில்லை. செருப்பை ஜோடியாக, வாசலைப் பார்த்தபடி விடுவார். தொட்டி நிரம்பியதும் ஓடிவந்து மோட்டாரை நிறுத்துவார், உன் அத்தான் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் செய்யாத வேலை அது. என் முழங்கால் வலியைத் தினமும் விசாரிப்பார், அதுவும் எந்தக் கால் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு. இப்படிப்பட்ட மனுஷன் மேல் புகார் என்றால் யாருக்கு நம்பத் தோன்றும், எனக்கும் தோன்றவில்லை. ஒரே ஒரு சங்கடம், அவருடைய குளியலறை என்னுடைய குளியலறைக்கு நேர் மேலே இருக்கிறது.

ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை என்பது உனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவள் நான், காதில் விழுந்ததை வாயில் கொண்டுவராமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளமே. ஆனால் இந்த வீட்டைக் கட்டின மேஸ்திரி மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் சேர்த்து ஒரே கழிவுக் குழாயை இறக்கிவிட்டுப் போய்விட்டார். மேலே பேசுவது குழாய்க்குள் இறங்கி வந்து என் வாளிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறது. நான் என்ன காதில் பஞ்சு வைத்துக்கொண்டா குளிக்க முடியும். மற்றவர்கள் குளிக்கும்போது பாடுவார்கள், தம்பி. மாடியார் மறுப்பார்.

முதலில் நான் கேட்டது கிடங்கு விஷயம். "கிடங்கு எரிஞ்சப்ப நான் அந்தப் பக்கமே போகலங்க. வேணும்னா யார வேணா கேட்டுக்கோங்க" என்று ஒரு தடவை, பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு ஒரு தடவை, பிறகு கோபமாக ஒரு தடவை. எந்தக் கிடங்கு எரிந்தது என்று நானும் பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒரு கிடங்கும் எரிந்ததாகக் காணோம். சரி, பழைய கதை ஏதோ என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் பள்ளிக்கூடப் புத்தகக் கிடங்கு எரிந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் இவரைச் சொன்னார்கள், இவர் டிவியில் வந்து பதில் சொன்னார். அதே வார்த்தை, அந்த 'வேணும்னா'வுக்கு முன்னால் விடுகிற மூச்சு உட்பட அதே. நான் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்துவிட்டேன். அப்புறம் இன்னொரு நாள் "பாலம் இடிஞ்சதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். பாலம் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. நான்தான் அந்த வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை காலையில், முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போக வேண்டுமே என்று நான் அவசர அவசரமாகக் குளித்துக்கொண்டிருந்தேன். மேலே இவர், "அந்தப் பொண்ணு கைய நான் பிடிக்கல, தடுக்கி விழப்போனா, தாங்கினேன்" என்கிறார். 'பொண்ணு' சரியாக வரவில்லை போல, 'சகோதரி' என்று மாற்றிப் பார்த்தார், அதுவும் பிடிக்காமல் கடைசியில் 'எனக்கு மக மாதிரி' என்று முடித்தார். முடித்துவிட்டு நன்றாகக் காறிக் கொப்பளித்தார். அந்த வாரக் கடைசியில்தான் டைப்பிஸ்ட் பெண், மாடியார் கோப்பு அறையில் தன் கையைப் பிடித்து இழுத்தார் என்று வெளியே சொன்னாள். இவரும் டிவியில் மக மாதிரி என்றார். தெருவில் இவருக்கு வேண்டியவர்கள் எல்லோரும் அவள் சொல்வது பொய் என்றார்கள், வேண்டாதவர்கள் எல்லோரும் நிஜம் என்றார்கள், எதிர் வீட்டு மருந்துக் கடைக்காரர் மட்டும் கடைக்கு வருகிறவர் எந்தக் கட்சி என்று பார்த்துச் சொன்னார். அந்தப் பெண்ணை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவளாகவே ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்களும் நான் பொய் சொல்றேன்னுதான் நினைக்கிறீங்களா?" என்றாள். அவள் அழவில்லை, கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் உடனே நம்பியிருப்பேனே என்று எனக்குத் தோன்றியது, தோன்றியதும் என்மேலேயே கோபம் வந்தது. அழத் தெரியாதவளுக்கு நியாயம் கிடையாதா என்ன. "என்னைக்கும்மா நடந்துச்சு?" என்று கேட்டேன். "திங்கட்கிழம சாயங்காலம். எல்லாரும் கிளம்பினப்புறம். கத்தினேன், மறுநாளே வேலைக்கு வராதேன்னுட்டாங்க" என்றாள். சாயங்காலம் நடந்ததற்கு அவர் காலையிலேயே மறுப்புச் சொல்லியாகிவிட்டது, தம்பி. ஒரு பக்கம் கேட்டாயிற்று, இன்னொரு பக்கமும் கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். அதோடு இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். எதிர்க்கட்சி வேட்பாளர் என் மாடியில் குடியிருந்து இப்படி மறுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன். கிடங்கு எரிந்த அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன். இவர் செருப்பை ஒழுங்காக விடுகிறார் என்பதற்காகத்தானே இத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்று வெட்கமாகப் போய்விட்டது.

அதனால் நேராக மேலே போய் அவரையே கேட்டுவிட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க குளிக்கும்போது பேசறதெல்லாம் கீழ கேக்குது" என்றேன். அவர் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் வாய் மட்டும் அப்படியே திறந்திருந்தது. "எல்லாமேவாம்மா?" என்றார். "தண்ணி ஓடாதப்ப எல்லாமே." அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், துண்டால் துடைத்தும் விட்டார். "மழை வந்தப்புறமா குடை வாங்குவீங்க? அரசியல்ல இருக்கறவன எவன் எப்ப என்ன சொல்லுவான்னு தெரியாது. எது வந்தாலும் வாய் தடுமாறக் கூடாது. அதான் எல்லாத்துக்கும் ஒரு பதில் சொல்லிப் பாத்து வெச்சுக்கறேன். நீங்களே பாருங்க, நான் மறுத்ததுல நடக்காததுதான் அதிகம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பாலம் நிற்கிறதே. "இருந்தாலும் அந்தப் பொண்ணு விஷயத்துக்குத் திங்கட்கிழம காலையிலயே தயாரா இருந்தீங்களே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முழங்காலையே பார்த்தார். "இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" "இல்லீங்க, மொதல்ல உங்ககிட்ட கேக்கறதுதானே முறை." "நீங்க ரொம்ப நியாயமானவங்கம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் நம் வீட்டில் ஒருவர் என்னை அப்படிச் சொன்னதுண்டா. படி இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது குழாய் சொல்லிற்று, "வீட்டுக்கார அம்மா மாடிப்படியில விழுந்தப்ப நான் ஊர்லயே இல்லங்க."

சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் 'விழுந்தப்ப' என்றாரா 'விழுந்தா' என்றாரா என்பது நிச்சயமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'விழுந்தா' என்றால் பரவாயில்லை, யார்தான் விழ மாட்டார்கள், குடை மாதிரி அதுவும் ஒரு முன்ஜாக்கிரதை. அடுத்த நாள் அவர் குழாயை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார். 'விழுந்தப்ப' தான். 'எனக்கு அம்மா மாதிரி' என்று ஒன்று சேர்த்து, 'வயசானவங்க, படி ஏறாதீங்கன்னு எத்தனையோ தடவை சொன்னேன்' என்று இன்னொன்றும் சேர்த்து, அந்த இடத்தில் தொண்டை அடைப்பது போலச் செய்தார். ரொம்ப நன்றாக வந்தது, எனக்கே கண் கலங்கிவிட்டது. வயசானவங்களாம். அவருக்கும் எனக்கும் ரெண்டு மூணு வயசு வித்தியாசம் இருந்தால் அதிகம்.

அன்றிலிருந்து தினமும் கீழே வந்து கூப்பிடுகிறார். "தொட்டி கசியுதும்மா, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க. படி கொஞ்சம் வழுக்குது, பாத்து வாங்க" என்கிறார். முழங்கால் வலி என்று தட்டிக் கழித்தால், எந்தக் கால் என்று சரியாகச் சொல்லி விசாரிக்கிறார். நேற்று மத்தியானம் பெட்டியோடு காரில் ஏறி வெளியூர்ப் பிரசாரத்துக்குப் போனார். தெரு நாயைத் தவிர எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார், மருந்துக் கடைக்காரரிடம் ரெண்டு தடவை. கேட்டை மெதுவாகச் சாத்தினார். இன்று காலை நான் குளிக்கப் போனபோது மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சே இல்லை. நான் குழாயில் காதை வைத்தேன், ஆமாம், வைத்தேன். அந்தப் பக்கமும் யாரோ காதை வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன்.

இப்போது நீ அச்சில் போட வேண்டியது. அந்தப் பெண் சொன்னதையும் மாடியார் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் போடு. நல்லவர் என்று நான் சொல்வதை அவருக்குச் சாட்சியாகப் போடாதே, கேட்டைச் சாத்துவதைத் தவிர எனக்கு அவரைப் பற்றி வேறென்ன தெரியும். திங்கட்கிழமை காலையில் நான் கேட்டதை விசாரணையில் வந்து சொல்லத் தயார் என்று அவளுக்குத் தகவல் கொடு. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் யார். என்னுடைய சொந்த விஷயத்தில், அவர் இதுவரைக்கும் ஒன்றும் செய்யவில்லை. செய்யாத காரியத்துக்காக ஒருவர் மேல் பழி போடுவது பாவம். நான் விழுந்தேன் என்று தெரிந்தால்கூட, தானாகத் தடுக்கி விழுந்தாளா என்று நன்றாக விசாரித்துவிட்டு எழுது, அக்கா என்பதற்காக ஒரு பக்கமாகச் சாயாதே.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பெரியவனைப் பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கச் சொல், சின்னவளுக்கு என் முத்தம். எல்லோரும் நோய் நொடி இல்லாமல், பல்லாண்டு, கூடுமானவரை தரை வீட்டிலேயே வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் அச்சில் போடாதே. கடிதத்தை மடிக்கும்போது மாடிப்படி உச்சியிலிருந்து "அம்மா, தொட்டி" என்று குரல் வந்தது. அவர்தான் ஊரில் இல்லையே என்று நான் பதில் கொடுக்கவில்லை. படியில் ரொம்ப நாள் அழுக்கு, விடியற்காலையிலேயே நிறையச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசாமல் வைத்திருக்கிறேன். குளியலறையில் நானும் ஒரு மறுப்புச் சொல்லிப் பார்த்தேன், முதலில் கொஞ்சம் திக்கியது, இப்போது தொண்டை அடைக்கிற இடம்கூட நன்றாக வருகிறது. மாடியார் ஊரில் இல்லை என்பதற்குத் தெருவே சாட்சி, ஊரில் இல்லாதவர் என் வீட்டுப் படியில் எப்படி விழ முடியும். அப்படியும் யாராவது வந்து கேட்டால், அக்கா அன்றைக்குக் காலையிலிருந்து எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள் என்று சொல். இவ்வளவு நீளமாக எதற்கு எழுதினேன் என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும்.